சிவப்பு விளக்கின் அதிகாரம்

பச்சைமலையில் பிறந்து, பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களைக் கடந்து, அரியலூர் அருகே ஓடி, கடைசியில் கொள்ளிடத்தில் போய்ச் சேருகிற சின்ன ஆறு மருதையாறு. அதை ஆறு என்று சொன்னால் காவிரிக் கரைக்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். ஆடு மாடுகள் குறுக்கே நடந்து போகும். பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் மலையிலே மழை பிடித்துக்கொண்டால் இந்தச் சாது ஆற்றுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! ஒரே இரவில் கரை புரண்டு வரும்.

1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், அப்படித்தான் வந்தது. முந்தைய இரவு சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் நிலையத்தைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்குள்ளே பிரயாணிகள் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். வெளியே, பாலத்தை ஒட்டியிருந்த மண்கரையை வெள்ளம் அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள். திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையில் கிடந்த அரியலூரின் பெயர் அன்று பொழுது விடிந்ததும் தேசம் முழுவதும் பரவியது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகர் அருகே ஒரு பாலம் இடிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தபோதே அவர் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். பிரதம மந்திரி நேரு அதை ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் கொடுத்தார். இந்தத் தடவை ஏற்கச் சொல்லி வற்புறுத்தினார். பாராளுமன்ற உறுப்பினர் பலர் வேண்டாம் என்றார்கள். விபத்துக்குச் சாஸ்திரி காரணமல்ல என்பதை நேருவே சபையில் எடுத்துச் சொன்னார். அவருடைய நேர்மையைப் புகழ்ந்தார். ஆனாலும், என்ன நடந்தாலும் நாம் பாட்டுக்கு இருந்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ராஜிநாமாவை ஏற்பதாகச் சொன்னார். துணை மந்திரியாக இருந்த ஓ. வி. அழகேசன் நம் ஊர்க்காரர். 1957 தேர்தல் மேடைகளில் அரியலூரும் அவருடைய பெயரும் சேர்ந்தே ஒலித்தன.

தலைமைப் பதவியில் இருப்பவன் தன் கைக்கு எட்டாத தவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அந்தச் சம்பவத்தின் பாடம். இன்று ஒரு விபத்து நடந்தால் நாம் உடனே சாஸ்திரியை நினைத்துக்கொள்கிறோம். நினைக்க வேண்டியதுதான். ஆனால் சரித்திரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய மனிதரின் பெருந்தன்மை நினைவில் நிற்கும்போது, சிறிய மனிதரின் வேலை மறந்துபோய்விடுகிறது.

டில்லியில் இருக்கும் மந்திரியால் மருதையாற்றில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா? திருச்சியில் இருக்கும் பெரிய உத்தியோகஸ்தராலாவது முடியுமா? அந்த மாதிரி இரவில், அந்த மாதிரி இடத்தில், பார்க்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. முழங்கால் சேற்றில், தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் விளக்குடன் தண்டவாளத்தோடு நடந்து போகிற ஆள். கேங்மேன் என்று நாம் காலங்காலமாக அழைத்து வந்தவர். ரயில்வே உத்தியோகப் படிக்கட்டில் ஏறக்குறையக் கடைசிப் படியில் நிற்பவர்.

இவருக்கு ரயில்வே சட்டதிட்டங்கள் கொடுத்திருக்கும் அதிகாரத்தைக் கேட்டால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். இவர் சிவப்பு விளக்கைக் காட்டினால் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்க வேண்டும். வண்டிக்குள் மந்திரி இருக்கலாம், ஜெனரல் மானேஜர் இருக்கலாம், அதைப்பற்றிக் கவலையில்லை. டிரைவர் “நீ யார் என்னை நிறுத்துவதற்கு?” என்று கேட்க முடியாது. முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் போகும்படி மழை கொட்டினால் அதற்கும் வழி இருக்கிறது. டெட்டனேட்டர் என்று சொல்லப்படும் சிறு வெடிவில்லைகளைத் தண்டவாளத்தின்மேல் கட்டி வைத்துவிடுவார். எஞ்சின் சக்கரம் ஏறியதும் அது பட்டாசு மாதிரி வெடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் டிரைவர் வண்டியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

மழைக்காலத்து இரவு ரோந்துக்கு இன்னும் அழகான ஒரு விதி உண்டு. ரோந்து போகிறவர் தம் எல்லை முடிகிற இடத்தில் அடுத்த எல்லைக்காரரைச் சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வார். நிலையத்துக்கு வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார். வரவேண்டிய நேரத்துக்குமேல் 15 நிமிஷம் கழிந்தும் ரோந்துக்காரர் வந்து சேரவில்லை என்றால், அடுத்த வண்டியின் டிரைவருக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்து மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். “அவன் எங்கேயாவது படுத்துத் தூங்கியிருப்பான்” என்று ஸ்டேஷன் மாஸ்டர் தம் இஷ்டத்துக்கு முடிவு கட்டக் கூடாது. ஆக, இந்த மனிதர் வந்து சொல்கிற வார்த்தைக்கு மட்டும் மதிப்பு என்பதில்லை. அவர் வராமல் போனாலே அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

இந்தக் காலத்துக் கம்பெனிகளில் ‘எம்பவர்மென்ட்’ என்று ஒரு வார்த்தை அடிக்கடி அடிபடுகிறது. தொழிலாளிக்கு அதிகாரம் கொடுப்பது என்று அர்த்தமாம். பெரிய ஹோட்டல்களில் கூட்டம் போட்டு, திரையில் படம் காட்டிப் பேசுகிறார்கள். ஏதோ நேற்றுக் கடல் கடந்து வந்த புதுச் சரக்கு என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போகிற கேங்மேனின் கையில் அது வெகு காலமாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆனால் அதிகாரத்தைப் புத்தகத்தில் எழுதிவைப்பது வேறு. அதை ஒருவன் கையில் எடுத்து உபயோகிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயர் பயம்.

இருப்புப் பாதையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேச நேர்ந்தது. “வண்டியை நிறுத்தியிருக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“ரெண்டு தடவை நிறுத்தியிருக்கேங்க” என்றார். “ஒரு தடவை நெசமாவே கரை உள்வாங்கிக் கெடந்திச்சு. இன்னொரு தடவை, இருட்டிலே என்னமோ பெரிசாக் கெடக்குதேன்னு நிறுத்திப்பிட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா, காத்துலே விழுந்த பனை மட்டை.”

“அப்புறம்?”

“ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. வேலை போச்சுன்னே நெனைச்சேன். மறுநா இன்ஸ்பெக்டர் ஐயா வந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. ‘மட்டைதானே? போகட்டும். நாளைக்கும் சந்தேகம் வந்தா நிறுத்து. நீ நிறுத்தினதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்’னாரு. அவரு அப்படிச் சொல்லலேன்னா, அடுத்த தடவை கையிலே வெளக்கு இருந்திருக்கும்; தூக்கறதுக்குத் தைரியம் இருந்திருக்காதுங்க.”

நிர்வாக இயலைப்பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. இந்தப் பெரியவர் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. சரியாக நிறுத்தியவனைப் பாராட்ட எல்லாருக்கும் தெரியும்; மாலை போடுவார்கள், பரிசு கொடுப்பார்கள், பத்திரிகையில் படம் வரும். பனை மட்டைக்காக வண்டியை நிறுத்தியவனை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு நிர்வாகத்தின் குணம் தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் எனக்குத் தெரியும். என் உறவினர் ஒருவர் வேலை பார்த்த ஓர் ஆலை, பெயர் வேண்டாம். இயந்திரத்தில் ஏதோ புதுச் சத்தம் கேட்கிறதென்று ஓர் இளைஞன் அதை நிறுத்தினான். மெக்கானிக் வந்து பார்த்தார், ஒன்றுமில்லை. இருபது நிமிஷ வேலை கெட்டது. அன்றைய கூலியில் பாதியைப் பிடித்தார்கள். பிடித்த பணம் அற்பம். ஆனால் அந்த ஷெட்டில் வேலை செய்த அத்தனை பேரும் அன்றைக்கு ஒரு பாடம் படித்தார்கள். சில மாதம் கழித்து வேறொரு இயந்திரத்தில் அதே மாதிரிச் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் பலர், நிறுத்தியவர் யாருமில்லை. ஒருவருடைய இரண்டு விரல்கள் போயின. விசாரணை நடந்தது. “சத்தம் கேட்டிருக்கிறதே, ஏன் சொல்லவில்லை?” என்று அதிகாரிகள் கேட்டார்களாம்!

நம்முடைய பழைய கிராமங்களில் இந்த விஷயத்தை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி ஏரிகளை நம்பிய பூமி. ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக அமைத்தபோது, சோழகங்கம் என்ற பேரேரியையும் வெட்டினான். இன்று பொன்னேரி என்கிறார்கள். ஏரி என்று ஒன்று இருந்தால் அதன் மதகைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும். நீர்க்கட்டி என்றும், வேறு பெயர்களிலும் அந்த ஆளை ஊருக்கு ஊர் அழைத்தார்கள். பெரும்பாலும் ஏழை, ஊரார் அறுவடைக் காலத்தில் கொடுக்கும் நெல்தான் அவருக்குக் கூலி. ஆயினும் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர்தான் பார்த்து விடுவார். ஐம்பது வேலி மிராசுதாரரும் தாமாகப் போய் மதகில் கை வைப்பது முறையல்ல. வெள்ளம் வந்து கரை பொறுக்காது என்று கண்டால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கலங்கலைத் திறக்க வேண்டியதுதான். உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனி வாரியத்தைக் குறிக்கின்றன. ஊர்ச்சபை ஏரிக்கென்று குழு அமைத்தது, குழு மேற்பார்த்தது, மதகடியில் நின்றவன் திறந்தான், மூடினான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாரியங்களில் உட்காரச் சொத்தும் படிப்பும் வேண்டும். நீர்க்கட்டிக்கு அங்கே இடமில்லை. சாதியின் கொடுமை மதகடியிலும் இருந்தது. நான் சொல்லுவது ஒன்றுதான்: தண்ணீர்க் கரையில் நிற்பவனுக்குத் தெரிவது சபையில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது என்ற ஒரு சாதாரண உண்மையை அவர்கள் மறக்கவில்லை.

ஆலைகள் வந்த பிறகு இது மறந்துபோயிற்று. எப்படி மறந்தது என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். அதே ரயில் பாதையில், அரியலூரிலிருந்து திருச்சி போகும் வழியில், கல்லக்குடி இருக்கிறது. 1939-இல் அங்கே ஒரு சிமெண்டு ஆலை ஏற்பட்டது. ராமகிருஷ்ண டால்மியா வடநாட்டுப் பெரு முதலாளி. ஆலை வந்தது, வேலை வந்தது, கூடவே ஊர் ‘டால்மியாபுரம்’ ஆயிற்று. ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையிலும் அந்தப் பெயர் ஏறியது. 1953-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி மு. கருணாநிதியும் தோழர்களும் அந்த நிலையத்தில் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்துப் போராடிய கதையைத் தமிழ்நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1969-இல், அவர் முதலமைச்சராக இருந்தபோது, நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம் என்று மாறியது.

அந்தப் போராட்டத்தை மொழிப் பிரச்னையாகவும் வடக்கு, தெற்குப் பிரச்னையாகவும் எழுதுவார்கள். அது சரிதான். ஆனால் ஆலை நிர்வாகம் என்ற கோணத்திலிருந்தும் அதைப் பார்க்கலாம். அந்த நாளில் இந்தியாவின் பெரிய தொழிற்சாலைகளில் பல அப்படித்தான் இருந்தன. வீடு கம்பெனி வீடு. பள்ளிக்கூடம் கம்பெனிப் பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரியும் கோயிலும் கம்பெனி கட்டியவை. முதலாளி தகப்பனார் ஸ்தானத்தில் இருப்பார். தீபாவளிக்கு வேட்டியும் தருவார். நல்ல தகப்பனாராகவே இருந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தகப்பனாரிடம் பிள்ளை கேட்டு வாங்கலாம். “அப்பா, நீங்கள் செய்வது தவறு, நிறுத்துங்கள்” என்று நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் சொல்லுகிறார்கள்? ஊரின் பெயரே முதலாளியின் பெயராக இருக்கிற இடத்தில், இயந்திரத்தை நிறுத்த ஒரு கூலிக்காரனுக்குக் கை எழுமா?

சர்க்கார் இதைக் கவனிக்காமல் இல்லை. 1947-இல் வந்த தொழில் தகராறுச் சட்டம், 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில், தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் கூடிப் பேசும் பணிக்குழுவை அமைக்க வழி செய்தது. அரியலூர் விபத்து நடந்த அதே 1956-இல் வெளியான தொழிற்கொள்கைத் தீர்மானம், நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும் என்றது. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மகாநாடு அதை ஆமோதித்தது. 1958-இல் கூட்டு நிர்வாக சபைகள் என்ற ஏற்பாடு பிறந்தது. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் 43ஏ என்ற விதியைச் சேர்த்து, தொழிலாளர் நிர்வாகத்தில் பங்கு பெறுவதை அரசின் கொள்கையாகவே எழுதி வைத்தது. 1990-இல் இதற்கென்று தனி மசோதாவும் பாராளுமன்றத்துக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஏட்டில் குறை சொல்ல இடமில்லை.

நடைமுறையில் என்ன ஆயிற்று? பணிக்குழுக்கள் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று 1959-இல் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். காண்டீன், குடிதண்ணீர், கக்கூஸ், வெளிச்சம், காற்றோட்டம், பண்டிகை விடுமுறை: இவற்றைப் பேசலாம். சம்பளம், போனஸ், ஆட்குறைப்பு: இவை வேண்டாம். இதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. சம்பளம் பேசுவது தொழிற்சங்கத்தின் வேலை. இன்னொரு குழு அதில் தலையிட்டால் சங்கம் பலவீனப்படும். ஆனால் பட்டியலின் பலன் வேறாக இருந்தது. கூட்டம் கூடினால் சாம்பாரில் உப்பு அதிகம் என்று தொழிலாளி சொல்லுவார். “கவனிக்கிறோம்” என்று நிர்வாகம் சொல்லும். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டுக் கலைவார்கள். 1969-இல் தேசியத் தொழிலாளர் கமிஷன் அறிக்கை கொடுத்தபோது, இந்தக் குழுக்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. குழுவில் இடம் கிடைத்த தொழிலாளி, தன் இயந்திரத்தின் முன்னால் மறுபடியும் வாய் மூடி நின்றான். பிரதிநிதிக்கு நாற்காலி கிடைத்தது; இயந்திரத்தின் முன் நிற்பவன் கைக்கு விளக்குக் கிடைக்கவில்லை.

விளக்கை எப்படிக் கொடுப்பது என்பதை ஜப்பான்காரர்கள் ஒரு தறியிலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றால் நம்முடைய ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் நெசவாளர்கள் சந்தோஷப்படுவார்கள். கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளி என்ன செய்வார்? உடனே நிறுத்தி, இழையைப் பிணைத்த பிறகுதான் மேலே நெய்வார். யார் உத்தரவும் தேவையில்லை. சேலை அவருடையது, கெட்டால் நஷ்டமும் அவருடையது. இயந்திரத் தறி வந்தபோது இந்த விவேகம் போயிற்று. இழை அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடி, கஜக் கணக்கில் பழுதுத் துணியைக் கொட்டும். 1924-இல் சகிச்சி டொயோடா என்ற ஜப்பானியர் முற்றிலும் தானே இயங்கும் ஒரு தறியைப் பூர்த்தி செய்தார். இழை அறுந்தால் அது தானாகவே நின்றுவிடும். பின்னால் அவருடைய குடும்பம் மோட்டார் ஆலை வைத்தபோது, அந்தத் தத்துவத்தையே மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். வேலை நடக்கும் வரிசை நெடுகிலும் ஒரு கயிறு. எந்தத் தொழிலாளியும் கோளாறு கண்டால் அதை இழுக்கலாம். மேஸ்திரி ஓடி வருவார். உடனே தீராத கோளாறானால் வரிசை நிற்கும். நம் கேங்மேனின் சிவப்பு விளக்கு அங்கே கயிறாக மாறியிருந்தது!

1950-இல் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் சொன்ன அமெரிக்கர் டெமிங். அவருடைய பெயரால் மறு ஆண்டே அங்கே ஒரு பரிசு ஏற்பட்டது. பிற்காலத்தில் அவர் நிர்வாகிகளுக்கு வகுத்த 14 விதிகளில் ஒன்று, வேலை செய்யும் இடத்திலிருந்து பயத்தை விரட்ட வேண்டும் என்பது. கணக்கிலும் புள்ளிவிவரத்திலும் ஊறிய மனிதர் அவர். தரம் உயர்த்துவதைப்பற்றிப் பேசவந்தவர் எதற்குப் பயத்தைப்பற்றிப் பேச வேண்டும்? பயந்தவன் கொடுக்கிற கணக்கு பொய்க் கணக்காக இருக்கும் என்பதால்தான். 1998-இல் அந்த டெமிங் பரிசை முதன்முதலாகப் பெற்ற இந்தியக் கம்பெனி, சென்னைப் பாடியில் அப்போது இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பிரேக் செய்கிற ஆலைக்கு அது கிடைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத்தானே பரிசு!

இன்று மருதையாறு ஓடும் பூமி மாறிவிட்டது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டம் ஆயிற்று. அது தனி மாவட்டமான நாள் நவம்பர் 23. ஐம்பத்தொரு வருஷத்துக்கு முன் அந்த ஊர் அழுத அதே தேதி! ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த பூமியாதலால் சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும் அந்த மண்ணில், சுண்ணாம்புக் கல் ஏராளம். 1979-இல் அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை அரியலூரில் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் டயர் ஆலை. 2022-இல் எறையூரில் தொடங்கிய சிப்காட் பூங்காவில் செருப்பும் பூட்ஸும் தைக்கும் வேலை. பருத்தி எடுக்கவும் சின்ன வெங்காயம் அறுக்கவும் போய்க்கொண்டிருந்த வீடுகளிலிருந்து இன்று பெண்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். அந்தக் காட்சியைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. தன் சம்பளம் என்று ஒன்று கைக்கு வரும்போது ஒரு பெண்ணின் நடையே மாறிவிடுகிறது.

அந்தப் பெண்களில் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். வயது இருபது இருக்கும். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். இயந்திரத்தில் ஊசி சற்றுக் கோணலாக இறங்குவதாகச் சந்தேகம். நிறுத்தினால் அன்றைய கணக்குக் குறையும். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சூப்பர்வைசர் என்ன சொல்லுவாரோ? ‘நமக்கு என்ன தெரியும், சின்னப் பெண்’ என்று பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் யாரும் திட்டப் போவதில்லை; மாதச் சம்பளம் வந்துவிடும். ஆனால் கோணல் ஊசி கோணலாகவே தைக்கும். ஒரு நாள் முறிந்து தெறிக்கவும் செய்யும். எம்பவர்மென்ட் என்ற பெரிய வார்த்தை கடைசியில் வந்து நிற்கிற இடம், அந்தப் பெண் யோசிக்கிற அந்த அரை நிமிஷம். அவள் கை பொத்தானை நோக்கிப் போகுமா, மடியிலேயே இருந்துவிடுமா என்பதை அவளுடைய தைரியம் மட்டும் தீர்மானிப்பதில்லை. போன மாதம் பனை மட்டைக்காக நிறுத்திய ஒருத்திக்கு அந்த ஆலையில் என்ன நடந்தது என்பது தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் என்று ஒரு வகுப்பார் பெருகிவருகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் மற்றொருவர். நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அப்படிப்பட்டவரிடம் “உனக்கு அதிகாரம் தந்திருக்கிறோம், தவறு கண்டால் நிறுத்து” என்று சுவரில் எழுதி வைப்பது, நீச்சல் தெரியாதவனிடம் ஆற்றின் அழகை வர்ணிப்பதற்குச் சமானம். வேலை நிலைக்கும் என்ற உறுதி இல்லாதவனுக்கு விளக்குத் தூக்கத் தெம்பு வராது. தொழிற்சங்கம் என்பதைக் கேட்டாலே நெற்றியைச் சுருக்கும் நிர்வாகிகள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தனியாக நிற்பவனுக்கு முதுகுக்குப் பின்னால் யாராவது இருந்தாக வேண்டும். நல்ல மேலதிகாரி இருந்தால் உத்தமம். நல்ல மேலதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் என்ன செய்வது?

இதை ரயில்வே விபத்து விசாரணையில் ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். விபத்தை விசாரிக்கும் அதிகாரி ரயில்வே நிர்வாகத்துக்குக் கீழே இருக்கலாகாது என்று 1941-லேயே அந்த இலாகாவைப் பிரித்து வைத்தார்கள். இன்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தவர். தவற்றைச் சொல்லுகிறவன், அந்தத் தவற்றைக் கேட்டுக் கோபப்படக்கூடியவனின் கைக்குள் இருக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். பெரிய உத்தியோகஸ்தருக்கே இந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது என்றால், எறையூர்ப் பெண்ணுக்கு வேண்டாமா?

தமிழில் ஒரு விசேஷம் இருக்கிறது. முதல் போட்டவரை முதலாளி என்கிறோம். தொழில் செய்பவரைத் தொழிலாளி என்கிறோம். இரண்டிலும் ‘ஆளி’ இருக்கிறது. முதலை ஆள்பவர் அவர்; தொழிலை ஆள்பவர் இவர். கூலிக்காரன், சிப்பந்தி, வேலைக்காரன் என்ற சொற்களெல்லாம் இருக்க, நம்முடைய மொழி தொழிலாளி என்ற சொல்லையும் தந்து, அதற்குள் ஆளுகையை வைத்திருக்கிறது. தன் தொழிலை நடத்தவும், வேண்டும்போது நிறுத்தவும் உரிமை இல்லாதவனை அந்தப் பெயரால் அழைப்பது வெறும் உபசாரம்.

சாஸ்திரி நாற்காலியை விட்டு இறங்கி வந்தது பெரிய காரியம். அவரைப் போன்றவர்கள் எல்லாக் காலத்திலும் கிடைக்கமாட்டார்கள். பிற்பாடு 1964-இல் தேசம் அவரைப் பிரதம மந்திரியாகவே உட்கார வைத்து அழகு பார்த்தது. ஆனால் மேலே இருப்பவரின் ராஜிநாமா விபத்துக்குப் பின்னால் வருவது. விபத்துக்கு முன்னால் வரவேண்டியது ஒன்று உண்டு. “சந்தேகம் வந்தா நிறுத்து. நீ நிறுத்தினதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்” என்று, கொட்டும் மழையில் விளக்குடன் புறப்படும் ஒருவனிடம் அவனுடைய மேலதிகாரி சொல்லி அனுப்புகிற வார்த்தை அது. ஐப்பசி வந்தால் மருதையாற்றில் வெள்ளம் வரும். அதை யாரும் தடுக்க முடியாது. அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்புவது மட்டும் நம் கையில் இருக்கிறது.